எட்டுத் திருகாணிகள்

அந்தச் சிறிய விமானம் பறக்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில், விமானத்தின் தரைத்தகட்டை மூடுவதற்கு முன் தலைமைத் தொழில்நுட்பர் மெல்ரோய் தட்டிலிருந்த திருகாணிகளை எண்ணினார்.

“எட்டும் இருக்கு. வெள்ளவத்தைப் பிள்ளை எண்டா சும்மாவா? எங்கட கொட்டாஞ்சேனைப் பொடியனுகள் இதுக்குள்ள நாலைத் துலைச்சிருப்பானுகள்.”

அவற்றைக் கழற்றியிருந்த பயிலுநர் றஷ்மிக்கு முகம் எரிந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு கிடைத்த முதல் பாராட்டு அது. கழற்றிய திருகாணி ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானம் அசையக்கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

“விமானம் ஓட்டப் பழகிற ஷிஹாரா இண்டைக்குத்தான் இதில முதன்முதலாத் தனியப் பறக்குது. பயத்தில காலமையிலிருந்து ஒண்டும் சாப்பிடேல்லையாம்,” என்று சிரித்தபடி அவர் தகட்டைத் தூக்கினார்.

திறந்திருந்த இடைவெளியில் சுக்கானை இழுக்கும் கம்பிகள் தெரிந்தன. அவற்றுக்கிடையே ஒரு சின்ன இரும்புத் துண்டு சிக்கினாலும் சுக்கான் திரும்பாது.

“சேர், மூடாதீங்க.”

“ஏன் தங்கச்சி? கணக்குச் சரிதானே.”

றஷ்மி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“சரியில்ல சேர். ஒண்டு கைதவறி உள்ளுக்க விழுந்திட்டுது. சொல்ல வெக்கமா இருந்திச்சு. ஸ்டோர்ஸிலயிருந்து புதுசொண்டை எடுத்துத் தட்டில போட்டனான்.”