சப்பாத்தோடு சீட்டுப் பார்க்கப் போனவன்

எங்கள் வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது என்று செல்லம் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். செல்லம் என் மனைவி. சோபாவை இழுத்துப் பார்த்தாள், அரிசி வாளிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தாள், நாற்காலி போட்டு ஏறி சீலிங் பலகையைத் தட்டிப் பார்த்தாள். நானும் கூடவே குனிந்து தேடினேன். தேடுவதுபோல நடித்தேன் என்று சொன்னால்தான் சரி. நாற்றம் என் வலது காலிலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து பல வருஷம் ஆகிறது. பெருவிரலுக்குப் பக்கத்தில் சின்னக் கொப்புளமாக ஆரம்பித்தது, பிறகு கறுத்தது. நாங்கள் குடியிருக்கிற தாமானில் உள்ள கிளினிக்கில் காட்டினேன். டாக்டர் பார்த்துவிட்டு, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரண்டு விரலை எடுக்க வேண்டியிருக்கும், தள்ளிப்போட்டால் பாதமே போய்விடும் என்றார். நான் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவன். ஆக்சிலரேட்டரை மிதிக்கிற கால் அது. நான் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, வீட்டிலும் மூச்சு விடவில்லை.

டைல்ஸ் குளிர்கிறது என்று வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுக்கொண்டேன். இடுப்பு வலி என்று சொல்லி ஹாலில் தனியாகப் படுத்தேன். யார் வீட்டுக்கும் போவதில்லை, போனால் வாசலில் காலில் போட்ட சப்பாத்தைக் கழற்ற வேண்டுமே. தம்பி கனகராஜ் மகளின் நிச்சயதார்த்தத்துக்குக்கூடப் போகவில்லை. கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டேன். என்ன பெரிய மனுஷன் ஆகிவிட்டீர்களா என்று தம்பி போனில் கேட்டதற்கு, வேலை இருக்கிறது என்று வள்ளென்று விழுந்தேன்.

பஸ்ஸில் என் பின்னால் உட்காருகிற ஷாமளா என்ற பெண்தான் ஒருநாள் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்கூடாய் டவுனில் ஒரு பெண் டாரட் என்ற படச்சீட்டில் ஜோசியம் பார்க்கிறாளாம், நேரில் பார்த்த மாதிரி சொல்கிறாளாம், கடை வைத்திருக்கிறாளாம். என் காது தானாக அந்தப் பக்கம் போனது. வெட்கக்கேடு. செல்லம் கோயிலில் பூ கட்டிப் பார்க்கும்போதெல்லாம், வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று பார்த்துத்தான் இந்தக் குடும்பம் நடக்கிறதா என்று நாலு பேர் முன்னால் கேட்டு அவளை அழவைத்தவன் நான். ஆனால் கடை என்றால் சப்பாத்தோடு போகலாம். எனக்கு அது போதுமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம், காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு, ஸ்கூடாய் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தேன். கடை வரிசையின் மேல்மாடி. கதவுக்கு வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்ததுமே ஒரு படி பின்வாங்கினேன். லோஷினி என்ற அந்தப் பெண் கதவைத் திறந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும்.

"சப்பாத்தக் கழட்டிட்டு உள்ள வாங்க அங்கிள்."

"கடைன்னு சொன்னாங்களே?"

"கடைதான். நான் குடியிருக்கிறதும் இங்கதான் லா."

அப்படியே திரும்பியிருப்பேன். அதற்குள் இரண்டு பெண்கள் படியேறி வந்து எனக்குப் பின்னால் நின்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறையோடு போய் உட்கார்ந்து, காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்து, சீட்டுக் கட்டை என்னிடம் கொடுத்தாள்.

"கேள்விய மனசுல நெனச்சுக்கிட்டே கலைங்க. மொத்தம் எழுபத்தெட்டு சீட்டு. பெரிய சீட்டு வந்தா வாழ்க்கையில பெரிய திருப்பம். மத்ததெல்லாம் அன்றாட விஷயம். கோப்பை மனசுக்கு, வாள் யோசனைக்கு, கோல் வேலைக்கு, காசு வீட்டுக்கும் ஒடம்புக்கும்."

ரம்மிக்குக் கலைப்பதுபோலக் கலைத்தேன். இடது கையால் கட்டைப் பிரிக்கச் சொன்னாள், பிரித்தேன்.

"ஒரு காரியம் செய்யலாமா வேணாமான்னு மட்டும் சொல்லும்மா. மத்த கதையெல்லாம் வேணாம்."

"அப்படிச் சொல்லாது அங்கிள். இது பூ கட்டிப் பாக்குற மாதிரி இல்ல. நான் எதப் பாக்காம இருக்கேன்னு கேளுங்க, அதுக்குப் பதில் வரும்."

செல்லத்தை நான் கேலி செய்ததெல்லாம் எனக்கே திரும்பி வந்ததுபோல இருந்தது. லோஷினி கட்டின் மேலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். முதலாவது கடந்து வந்தது, இரண்டாவது இப்போது நடப்பது, மூன்றாவது இப்படியே போனால் எங்கே போய் நிற்போம் என்பது.

முதல் சீட்டைத் திருப்பினாள். தேரில் ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"வண்டி ஓட்டுறீங்களா? யார் சொன்னாலும் கேக்காம, உங்க இஷ்டத்துக்கு ஓட்டியே பழகிட்டீங்க போல."

அசந்துபோனேன். பிறகுதான் நான் பஸ் கம்பெனிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பது உறைத்தது.

இரண்டாவது சீட்டைத் தொடுவதற்கு முன்னால் அவள் எழுந்து இன்னொரு ஊதுபத்தி கொளுத்தினாள். சுழன்றுகொண்டிருந்த மேசைக் காற்றாடியை என் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். எனக்குக் காது வரை சூடேறியது. உட்கார்ந்து சீட்டைத் திருப்பினாள். ஒருவன் கை நிறைய வாள்களை அள்ளிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, திரும்பிப் பார்த்தபடி நழுவிக்கொண்டிருந்தான்.

"எதையோ யாருக்கும் தெரியாம தூக்கிட்டுத் திரியிறீங்க. அப்படித்தான் இந்தச் சீட்டுக்கு அர்த்தம்."

மூன்றாவதைத் திருப்பினாள். பனி கொட்டும் தெருவில் கந்தல் கட்டிய இரண்டு பேர். அதில் ஒருவன் காலில் கட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் ஊன்றுகோல் ஊன்றி நடந்தான். எழுந்துவிட்டேன்.

"போதும்மா. வெட்டணும்னு சொல்லிடுச்சு."

"எத வெட்டணும் அங்கிள்?"

"என் கால."

வாய் தவறி வந்துவிட்டது. கிளினிக் டாக்டரைத் தவிர உலகத்தில் யாருக்கும் சொல்லாததை, பெயர் மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.

"உக்காருங்க," என்றாள். "எல்லாரும் ஊன்றுகோலத்தான் பாப்பாங்க. அவங்க தலைக்கு மேல பாருங்க."

பார்த்தேன். ஒரு ஜன்னல், உள்ளே நல்ல வெளிச்சம்.

"வீடு பக்கத்துலயே இருக்கு. உள்ள ஆள் இருக்கு. இவங்க தட்ட வெக்கப்பட்டுக்கிட்டு பனியில நடக்குறாங்க. இந்தச் சீட்டு அதத்தான் சொல்லுது. வெட்டுறதா இல்லையான்னு டாக்டர்தான் சொல்லணும், நான் சொன்னா பாவம்." கொஞ்சம் தயங்கினாள். "உண்மையச் சொன்னா, இதுக்குச் சீட்டே வேணாம் அங்கிள். நீங்க உள்ள வந்தப்பவே வாடை வந்துச்சு. வீட்டுல யாருக்கும் தெரியாதா?"

தலை குனிந்தேன், அதனால்தான் கண்ணில் பட்டது. நாற்காலிக்கு அடியில் விரித்திருந்த அவளுடைய பாயில், என் கால் இருந்த இடத்தில், ஈரமாக ஒரு கறை. அவளும் பார்த்தாள். டிஷ்யூவை எடுத்து மெதுவாக அதன் மேல் போட்டாள், சிந்திய காப்பியை மூடுவதுபோல. அவள் முகத்தைச் சுளித்துத் திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்குக் கத்திவிட்டு எழுந்து வந்திருப்பேன். வெளியே வரும்போது வாசலில் காத்திருந்த பெண்களில் ஒருத்தி துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோனாள். சப்பாத்தை மாட்டத் தெரியாதவன் மாதிரி அங்கே வெகுநேரம் தடுமாறினேன்.

வழியெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்விடலாமா என்று யோசித்தேன். செல்லத்துக்குத் தெரியாமல் விரலை எடுத்துவிட்டு வந்து காலுறை போட்டுக்கொண்டால் என்ன என்றுகூட யோசித்தேன். என் புத்தி அப்படித்தான் போனது. அந்த வாள் தூக்கிக்கொண்டு நழுவுகிறவனின் முகம் கூடவே வந்துகொண்டிருந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. செல்லம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடுப்படியில் மண்டிபோட்டு, அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். முழங்காலெல்லாம் அழுக்கு. மருந்துத் தண்ணீர் ஊற்றி வீடு முழுக்கக் கழுவியிருந்தாள்.

"நல்ல வேள வந்தீங்க. இந்த அலமாரியப் பிடிச்சுத் தள்ளுங்க. இன்னிக்கு அந்த எலிய எடுக்காம நான் சோறு திங்க மாட்டேன்."

வாசலிலேயே உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். பிறகு காலுறையையும் கழற்றினேன். அது தோலோடு ஒட்டியிருந்தது, உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"செல்லம், தேடாத. எலி இல்ல. நான்தான்."

அவள் திரும்பினாள். டார்ச் வெளிச்சம் முதலில் என் முகத்தில் விழுந்தது, பிறகு கீழே இறங்கிக் காலில் நின்றது. கத்துவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள், கார் சாவியை எடுத்தாள். என் தோளைப் பிடித்துத் தூக்கும்போதுதான் கேட்டாள்.

"அப்போ என்கூட சேந்து தேடுனீங்களே?"