பதினோரு மணி நேரம் என்றவன்

அக்காவுக்கு வயிறு எரிந்தது. பதினான்கு வருஷமாக விமான டிக்கெட் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், காலை ஏழு மணிக்கு அவள் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, வெளிநாட்டுத் தம்பி நேராக அம்மாவுக்கே போன் போட்டிருக்கிறான்.

"கிளம்பிட்டேன்மா. பதினோரு மணி நேரம்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு உன் முன்னாடி நிப்பேன்."

போதாதா? குடல் அடைத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அம்மா, மகன் முகத்தைப் பார்க்காமல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். சாயங்காலத்துக்கு மேல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அக்கா வராந்தாவுக்கு வந்து தம்பியைப் போனில் பிடித்தாள்.

"பதினோரு மணி நேரம்னு எவன்டா சொன்னான்?"

"நெட்ல போட்டிருந்ததுக்கா. ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினோரு மணி நேரம்னு."

"அது ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நேர்கோடு போட்டு வகுத்த கணக்குடா மடையா! அந்தக் கோட்டுல ஒரு விமானமும் போகாது. கையில இருக்கிற டிக்கெட்டைப் படி."

போனில் காகிதம் பிரியும் சத்தம் கேட்டது.

"ரெண்டு இடத்துல மாறணும்... நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வந்து சேருவேன்க்கா. அம்மாகிட்ட சொல்லாதே, வந்துட்டே இருக்கேன்னு சொல்லி வை."

இத்தனை படித்தும் டிக்கெட்டைப் புரட்டிப் பார்க்கத் துப்பில்லை, இதில் யோசனை வேறு. அக்கா விடுவிடுவென்று உள்ளே போய் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"நீயே உன் வாயால சொல்லு."

அவன் மென்று விழுங்கிச் சொன்னான். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கே கையெழுத்துப் போடுறேன்."

"நாளைக்கு நீ இருக்க மாட்டேம்மா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று அக்கா போனை அணைத்தாள்.

"அஞ்சு வருஷமா எட்டிப் பார்க்காதவன் முகம் வேணும் உனக்கு. தினம் பார்க்கிறியே, இது முகமா தெரியலையா?"

"நீ இங்கேயேதானேடி இருக்கே," என்றாள் அம்மா. குத்திக்காட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். அதுதான் அக்காவுக்கு இன்னும் வலித்தது.

"இருக்கேன்ல? அப்ப என்னைப் பார்த்துட்டுப் போடு."

படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். அம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

தள்ளுவண்டி ஆபரேஷன் அறை வாசலை நெருங்கியபோது அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"அவன் வந்தா திட்டாதேடி."

"திட்டத்தான் போறேன்," என்றாள் அக்கா, கண்ணைத் துடைக்காமல். "நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி திட்டுவேன். தடுக்கணும்னா நீ எழுந்து வா."