மருந்து தின்னும் கிருமிக்குப் பொன்னாடை

எங்கள் இயற்கை உழவர் சங்கத்துக்கு நான்தான் தலைவன், பெயர் குழந்தைவேல். என் கத்திரிக்காயை 'மருந்தடிக்காத காய்' என்று நம்பி, சேலத்து அடுக்குமாடிக்காரர்கள் காரில் வந்து வாங்கிப் போகிறார்கள். மருந்தடிக்காமல் கத்திரி எங்கே ஐயா காய்க்கும்? புழு என்ன, சங்கத்து உறுப்பினரா? ஆனால் பக்கத்துத் தோட்டத்துக் காளியப்பன் நிஜமாகவே மருந்தைத் தொடாதவன். சாணியையும் கோமியத்தையும் கலக்கிக்கொண்டே திரிவான். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு. போதாக்குறைக்கு, வரும் தேர்தலில் என் தலைவர் நாற்காலி மேல் அவனுக்கு ஒரு கண்.

சித்திரையில் நர்மதா என்றொரு பேராசிரியை வந்து, ஆய்வுக்கு என் தோட்டத்து மண் ஒரு பை வேண்டும் என்றார். சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! "நாளைக்கு அள்ளி வெக்கறனுங்க அம்மிணி" என்று அனுப்பிவைத்தேன். காளியப்பன் மத்தியானம் சோற்றுக்குப் போன நேரம் பார்த்து, வேலியைத் தாண்டி அவன் மண்ணை அள்ளிவந்தேன்.

என் மனைவி பெரியநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். "அடுத்தவிய மண்ணை அள்ளலாமுங்களா? செய்வினை வெக்கறவந்தானுங்க அப்படி அள்ளுவான்!"

"நீ சும்மா இரு புள்ள" என்றேன்.

ஆடியில் சேதி வந்தது. நான் கொடுத்த மண்ணில் அபூர்வக் கிருமி இருக்கிறதாம்; பூச்சிமருந்தையே சோறாகத் தின்று தீர்க்கிறதாம். சங்கத்தில் பாராட்டு விழா வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கூசாமல், "பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கிட்ட மண்ணுங்க" என்று பேசிவிட்டு உட்கார்ந்தேன். முன்வரிசையில் காளியப்பன் முகம் சுண்டிப்போயிருந்தது. ஆகா, கண்கொள்ளாக் காட்சி!

பிறகு நர்மதா மைக்கைப் பிடித்தார். "இந்தக் கிருமி சும்மா பெருகாது. வருஷக்கணக்கா மருந்தைக் கொட்டின மண்ணுலதான், அதையே தின்னு பழகி இப்படிப் பெருகும். இவ்வளவு பசியுள்ள கிருமியை நான் பார்த்ததே இல்லை."

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு கணம் மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். மறுகணம் மனசுக்குள் பட்டாசு வெடித்தது. அடப்பாவி காளியப்பா, நீயும் திருட்டுத்தனமாக அடிக்கிறவன்தானா! இத்தனை நாளும் உத்தமன் வேஷமா போட்டாய்!

எழுந்து நின்று கத்தினேன். "அது எந்தோட்டத்து மண்ணே இல்லீங்க! காளியப்பன் தோட்டத்துல நாந்தான் அள்ளியாந்தேன். அவனைக் கேளுங்க!"

காளியப்பன் அழாத குறை. "கொலதெய்வத்து மேல சத்தியமுங்க! எம்மண்ணுல ஒரு சொட்டு மருந்து பட்டதில்லீங்க!"

அப்போது பெண்கள் பக்கமிருந்து பெரியநாயகி எழுந்தாள். "காளியப்பண்ணனை ஒண்ணுஞ் சொல்லாதீங்க சாமி. அடுத்தவிய மண்ணு நமக்கு எதுக்குன்னு, அன்னைக்கே அதை அவிய தோட்டத்துலயே கொட்டிப்போட்டேன். பையில ரொப்பி வெச்சது எங்க மண்ணுதானுங்க."

பொன்னாடைக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. சங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. காளியப்பன் மேடையேறி, யாரையும் கேட்காமல் என் நாற்காலியில் உட்கார்ந்தான்.

நர்மதாவுக்கு மட்டும் ஒரே பூரிப்பு. நோட்டும் பேனாவுமாக என்னிடம் ஓடிவந்தார். "எத்தனை வருஷமா அடிக்கிறீங்க ஐயா? சரியாச் சொல்லுங்க, ஆய்வுக்கு வேணும்."

"பன்னண்டு வருசமுங்க" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இருவதுங்க" என்று திருத்தினாள் பெரியநாயகி.