சுண்டுவிரலில் சிமெண்ட்

"கொஞ்சம் சிமெண்ட் கலந்தா உங்க கலை செத்தா போயிடும்?"

"கலந்தா அது கலையே இல்லடி, தரை!"

காலங்காத்தாலேயே பக்கத்து வீட்டு அக்காவும் அவள் புருஷனும் ஆரம்பித்துவிட்டார்கள். துணி காயப்போட நான் மொட்டை மாடிக்குப் போனேன். துணிக்காகத்தான் போனேன் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்.

அக்காவின் புருஷன், எங்கள் தெருவுக்கு மண்ணுக்காரர், மண்ணையும் கல்லையும் கொட்டிப் பிரம்மாண்டமாக உருவம் செய்கிறவர். வெளியூரில் குன்றையே வளைத்தாராம். வீட்டில் ஒழுகும் குழாயை மட்டும் வளைக்கத் தெரியாது. இந்தத் தடவை எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் செம்மண், வெள்ளைக் களிமண், கருங்கல் ஜல்லி கொண்டு ஒரு கை. கீழே நின்றால் வெறும் மேடு. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால்தான் விரித்த கை. அதனாலேயே எனக்குத் திடீரென்று சொந்தபந்தம் கூடிவிட்டது.

யாருடைய கை என்று சொன்னதும் வந்தவர்கள் சிரிப்பு நின்றுவிடும். காய்ச்சலில் போன அவர்கள் மகளுடையது. சமையலறைச் சுவரில் அவள் மஞ்சள் பெயிண்ட்டில் பதித்த கையை வைத்துத்தான் அளவெடுத்தார். சுண்டுவிரல் சற்றுக் கோணல். அதையும் விடவில்லை மனுஷன்.

"மழை வந்தா கரைஞ்சிடுமே." அக்காவின் குரல் இறங்கியது.

"கரையத்தான் செய்யறேன். அவளே போயிட்டா, கை மட்டும் எதுக்கு நிக்கணும்?"

"அவள ரெண்டாவது தடவ அனுப்பி வைக்க உங்களுக்கு வேணா மனசு வரும். எனக்கு வராது."

உள்ளங்கைக்குக் களிமண் குறைகிறதென்று அவர் லாரியில் ஏறிப் போய்விட்டார். லாரி தெருமுனை திரும்பியதும் அக்கா கொத்தனாரைக் கூப்பிட்டாள். கிடைத்த சிமெண்ட் ஒரு விரலுக்குத்தான் காணும். அவள் சுண்டுவிரலைக் காட்டினாள். கொத்தனார் மேலாகப் பூசி, ஈரத்தோடு செம்மண் தூவி மறைத்தார். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒருவரிடமும் சொல்லவில்லை. என் வாழ்நாள் சாதனை அது.

மழை வந்தது. மற்ற விரல்கள் நிதானமாக, தூங்கப் போகிற மாதிரி தாழ்ந்தன. சுண்டுவிரலில் மட்டும் பூச்சைத் தாண்டி இறங்க முடியாத தண்ணீர் ஓரமாகப் பாய்ந்து, அடிமண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது. மேல் ஓடு உடைந்து சரிந்தது. முதலில் போனது அதுதான்.

மண்ணுக்காரர் நனைந்தபடி ஒரு துண்டைப் புரட்டினார். அடியில் சாம்பல் நிறம். இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லியிருந்தா நானே அடியிலேருந்து போட்டுத் தந்திருப்பேனே," என்றார்.

"சொன்னேனே. அன்னைக்குக் காலைல பூரா அதத்தான சொன்னேன்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டையே கேட்கவில்லை. எனக்கே பயமாக இருந்தது.

மாடிக்குக் கை பார்க்க வந்த என் நாத்தனார் பெண், கொத்தனாரைப் பார்த்துவிட்டுப் போய் அவரையே கட்டிக்கொண்டாள். மண்ணுக்காரர் அந்த வீட்டிலேயேதான் இருக்கிறார். வெள்ளையடிக்க வந்தவர்களைச் சமையலறைப் பக்கம் விடவில்லையாம். அக்கா தன் தங்கை இருக்கும் ஊருக்கே போய்விட்டாள். போகும்போது சாமானோடு சாமானாக அந்தச் சிமெண்ட் துண்டையும் வண்டியில் ஏற்றினாள். கனம் தாங்காமல் அவள் தடுமாற, மறுபக்கத்தை அவர்தான் பிடித்துத் தூக்கிவிட்டார்.