வேகாத ஆறு ஸ்கோன்கள்

1

இந்தக் கதை ஆறு ஸ்கோன்களிலிருந்து பிறந்தது. பன் மாதிரி, தேநீரோடு தின்கிற பண்டம். அந்த ஆறையும் சுட்டவன் நான். மேலே நல்ல பொன்னிறம், உள்ளே பச்சை மாவு. எதிர்வீட்டில் வியாழக்கிழமை ஜெபத்துக்கு வந்த பெண்களின் தேநீர்த் தட்டில் அவை போய் உட்கார்ந்தன. உள்ளே வேகவில்லை என்று எனக்கு முன்பே தெரியும். சொல்லவில்லை.

வாயால் சொல்லாததை எழுதிவிட்டால் சொன்னதாக ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. ஓய்வுபெற்ற வாத்தியார்களுக்கு இப்படிப்பட்ட ஆசைகள் வரும். புத்தகம் படித்துக்கொண்டு சும்மா இருப்பவனை ஊர் ஆழமானவன் என்று நினைத்துக்கொள்கிறது. நாளடைவில் அவனும் நம்பிவிடுகிறான்.

இந்தத் தாளுக்கு ஒரு சாண் தள்ளி, மேசைமேல் ஒரு ஐஸ்கிரீம் டப்பா இருக்கிறது. வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு மருமகள் கொண்டுவந்து கொடுத்தது. இன்று ஞாயிறு. இன்னும் திறக்கவில்லை. திறந்துவிட்டால் கதையின் மர்மம் போய்விடும் என்று உங்களிடம் சொல்லலாம். உண்மையில் பயம்.

2

முதல் தொடக்கம்:

"ஒனாலென்னா அன்று காலை கண்விழித்தபோது கா-ரங்குவாவின் வானம்

(கா-ரங்குவா எங்கள் ஊர். அதன் வானத்தை விடுங்கள். அந்த வீட்டு மருமகளுக்கு வானம் பார்க்க நேரமில்லை. முப்பது வருடம் பூகோளம் நடத்தியவனுக்கு எதையும் வானத்தில் ஆரம்பிக்கிற வியாதி.)

இரண்டாம் தொடக்கம்:

"மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே ஓர் ஓவன் இருந்தது."

(காதுக்கு நன்றாக இருக்கிறது. அதனாலேயே அடித்தேன். காதுக்கு நன்றாக இருக்கிற வாக்கியங்களை எழுதிவிட்டு நான் தேநீர் குடிக்கப் போய்விடுவேன்; கதை அங்கேயே நிற்கும்.)

மூன்றாம் தொடக்கம்:

"ஓவன் புதன்கிழமை செத்தது."

இதில் பொய் இல்லை. இதிலிருந்து போகலாம்.

3

ஓவன் புதன்கிழமை செத்தது. அடிக்கம்பி கருகி, அடுக்களை முழுக்க ரப்பர் நாற்றம். மறுநாள் மூன்று மணிக்கு, சிவப்பு ரவிக்கையும் வெள்ளைத் தொப்பியுமாக ஜெபக்கூட்டத்துப் பெண்கள் ஒனாலென்னாவின் மாமியார் மா செலெக்கா வீட்டுக்கு வரவேண்டிய முறை. ஜெபம் எத்தனை நீளமாக இருந்தாலும் தேநீரும் ஸ்கோனும்தான் அதை முடித்து வைக்கும்.

மா செலெக்காவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மூன்று வாரத்தில் மகள் கல்யாணம். கல்யாணத்துக்கு இருபது லிட்டர் வாளிகளில் வாளி வாளியாக ஸ்கோன் வேண்டும். அந்த மாவு யார் கையில் பிசைபடுகிறதோ, அந்த வீட்டு அடுக்களை அவளுடையது. ஒனாலென்னா மருமகளாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. தட்டு கழுவியிருக்கிறாள், தேநீர் ஊற்றியிருக்கிறாள். மாவைத் தொட்டதில்லை. விசேஷம் என்றால் மாவு டினேயோவுடையது. டினேயோ மா செலெக்காவின் அண்ணன் மகள், பெரிய ஓவன்காரி.

"டினேயோவக் கூப்பிடுறேன்," என்றாள் மா செலெக்கா.

"வேண்டாம் அத்தை. என்கிட்ட ஏர் ஃப்ரையர் இருக்கு."

"எது? அந்தத் தலைமுடி காய வைக்கிற பெட்டியா?"

"அது சூடு காத்துலயே சுடும். அதுலயும் ஸ்கோன் வரும் அத்தை."

"வரும், வரும். கொண்டை போட்டுக்கிட்டு வரும்."

ஒனாலென்னா நகராமல் நின்றாள். அவள் நின்ற விதம் மாமியாரை என்னவோ செய்திருக்க வேண்டும்.

(என்ன விதம்? எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இல்லை. இந்தப் பேச்சு முழுவதும் மறுநாள் என் வாசலில் மூச்சு வாங்க அவள் சொன்னது. "என்னவோ செய்திருக்க வேண்டும்" மட்டும் என் சரக்கு.)

"சரி, நீயே சுடு. பொம்பளைங்க டப்பா கேட்டா* கல்யாண மாவும் உனக்குத்தான். கேக்கலேன்னா டினேயோவுக்கு. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

* எங்கள் பக்கம் ஒரு பண்டத்தை நன்றாக இருக்கிறது என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கிளம்பும்போது, வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு டப்பா கேட்பார்கள். கேட்டால் வெற்றி. "வயிறு நிறைஞ்சுபோச்சு" என்றால் தோல்வி. போன டப்பா திரும்பி வருவதில்லை என்பது வேறு கதை.

வியாழன் காலை மா செலெக்கா நோயாளி ஒருத்தியைப் பார்க்கப் போய்விட்டாள். ஒனாலென்னா மாவு பிசைந்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. அந்த வீட்டு ஸ்கோனுக்கு ஒரே அளவுதான் உண்டு: மைதா ஐந்து கிலோ மூட்டை, முழுசாக. அதற்கு இத்தனை முட்டை, இத்தனை புளித்த பால், இத்தனை சர்க்கரை. பாதி மூட்டைக்கு எவ்வளவு என்று கேட்டால் மா செலெக்காவுக்கே தெரியாது. யாரும் பாதி சுட்டதில்லை. எனவே ஒனாலென்னாவும் முழு மூட்டையைக் கொட்டினாள். பிசைந்து, தட்டி, தம்ளர் விளிம்பால் வெட்டி முடித்தபோது மேசை நிறைய நூறு வட்டங்கள். பெட்டியைத் திறந்தாள். ஆறு வைக்கலாம்.

ஆறுக்குப் பன்னிரண்டு நிமிடம். பதினேழு தடவை. மூன்றரை மணி நேரம். அப்போது மணி பன்னிரண்டு.

(இங்கே அவளை அழவைத்து நான்கு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் அழவில்லை. தட்டுகளில் வட்டங்களை அடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அழுகிறவள் என்றால் எழுத எனக்கு வசதி, அவ்வளவுதான்.)

எங்கள் தெருவில் இந்தப் பெட்டி உள்ள வீடுகள் அவளுடையதைத் தவிர ஐந்து. என் வீடு ஐந்தாவது.

"மாமா, உங்க ஏர் ஃப்ரையர் வேலை செய்யுதா?"

"அட்டைப் பெட்டியில இருக்கு."

"வெளிய எடுங்க மாமா. நூத்தி எண்பது வைங்க. பன்னிரண்டு நிமிஷம். பாதியில திருப்பிப் போடணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது. அத்தை ரெண்டு மணிக்கு வந்துடுவாங்க, அதுக்குள்ள."

"ம்."

"மத்த நாலு வீட்டுலயும் ஆயிரம் கேள்வி. அத்தைக்குத் தெரியுமா, தெரிஞ்சா என்ன ஆகும், எதுக்கு இந்த வம்புன்னு. நீங்க ஒருத்தர்தான் ஒண்ணும் கேக்காம வாங்கிக்கிட்டீங்க."

நான் கேட்காததற்குக் காரணம் கேட்கத் தோன்றாததுதான். ஆனாலும் அந்தப் பாராட்டை அன்று மத்தியானம் முழுவதும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன்.

4

இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அவமானம் நீளமாக இருக்க வேண்டியதில்லை.

பெட்டி, பள்ளியில் பிரிவு உபசாரத்துக்குக் கொடுத்தது. முதலில் அடியில் விரிக்கிற காகிதத்தை மட்டும் போட்டுச் சூடாக்கினேன். உள்ளே விசிறி காற்றடித்ததில் காகிதம் பறந்து கம்பியில் ஒட்டிக் கருகியது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெட்டி ஆறியது கூடத் தெரியாமல், ஆறு வட்டங்களையும் தோளோடு தோள் இடிக்க வைத்தேன். பிறகு கையேட்டைப் படிக்க உட்கார்ந்தேன்.

நன்றாக எழுதப்பட்ட கையேடு. எச்சரிக்கைகள் மட்டும் ஒன்பது பக்கம். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் விரலைச் சுட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில் நான் ஆழ்ந்து

மணி அடித்தது. பாதியில் திருப்பிப் போடவில்லை.

மேலே அழகு. ஒன்றை எடுத்துப் பல்குத்தும் குச்சியை அடியில் செருகிப் பார்த்தேன். குச்சி பச்சை மாவோடு வந்தது.

அப்போது செய்திருக்க வேண்டியது: இன்னும் ஆறு நிமிடம். அல்லது தெருவைக் கடந்து, "இது வேகல" என்று இரண்டு சொல். ஆனால் ஒனாலென்னா அதற்குள் வாசலில் நின்றாள். மற்ற வீட்டுக்காரர்கள் மூன்று தடவை, நான்கு தடவை சுட்டுக் கொடுத்திருந்தார்கள். என்னிடம் ஆறே ஆறு. அவள் தட்டைப் பார்த்து, "ஐயோ மாமா, என்ன நிறம்! எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டீங்க," என்றாள்.

குத்திய துளை கண்ணில் படாமல் அதை அடிப்புறமாகவே வைத்து, தட்டை நீட்டினேன்.

5

மூன்றிலிருந்து ஐந்து வரை ஜன்னலோரம் இருந்தேன். கையில் புத்தகம். அதே பக்கம்.

பாட்டு கேட்டது. ஜெபம் கேட்டது. கோப்பைகள் இடிபடும் ஓசை. பிறகு மா செலெக்காவின் குரல் தெருவைக் கடந்து வந்தது. "மருமகளே! டப்பா!"

ஒரே ஒரு தடவை. அதற்குப்பின் நீண்ட மௌனம். மௌனத்தைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இது எந்த வகை என்று தெரியவில்லை. வெள்ளைத் தொப்பிகள் வெளியே வந்தன. எல்லாருக்கும் பெரிய கைப்பைகள். உள்ளே டப்பா இருந்ததா இல்லையா என்று கைப்பையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) யாரும் அந்த ஆறைத் தொடவில்லை. நூறில் ஆறு, தப்பித்தன. ஒனாலென்னா கல்யாண மாவைப் பிசைகிறாள். நான் விருந்தில் வயிறாரச் சாப்பிடுகிறேன். (நூறில் ஆறு என்பது எவ்வளவு நிம்மதியான எண்! இந்த முடிவுக்கு நான்கு பக்கம் எழுதினேன்.)

ஆ) கூட்டத்துத் தலைவி ஒன்றைக் கடித்து, மென்று, கைக்குட்டையை வாயருகே கொண்டுபோகிறாள். எல்லாரும் பார்க்கிறார்கள். ஒனாலென்னா

(இதை எழுத முடியவில்லை. தலைவி கைக்குட்டை எடுக்கும் இடத்தில் நான் எழுந்துபோய் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.)

இ) டப்பாவைத் திறந்து பார்ப்பது.

வெள்ளிக்கிழமை அதைக் கொடுத்தபோது ஒனாலென்னா, "அத்தை குடுக்கச் சொன்னாங்க," என்று மட்டும் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பா கனமாக இருந்தது. வேகாத மாவுக்குக் கனம் அதிகம். ஆனால் என் கைக்கு அந்த அளவு கூர்மை கிடையாது. பன்னிரண்டு நிமிடத்தைக்கூட உணராத கை அது.

6

கதையில் வருகிற ஒருவரே வந்து கதவைத் தட்டினார் என்று எழுதுவது மட்டமான உத்தி. நான் எழுதவில்லை. தட்டினார்கள்.

மா செலெக்கா. தேவாலயத்துக்குப் போய் வந்த அதே உடுப்பு. நேராக மேசைக்கு வந்து டப்பாவைப் பார்த்தாள்.

"திறக்கவே இல்லையா வாத்தியாரே?"

"இல்ல மா."

"மூணு நாளா?"

"படிச்சுக்கிட்டு இருந்தேன்."

"டப்பா மேல என்ன எழுதியிருக்கு, மூணு நாளு படிக்க?"

உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது.

"ஒரே மத்தியானத்துல ஆறு வீட்டுலேருந்து வெண்ணெய் வாசனை வந்தா எனக்குத் தெரியாதா? மூக்கு இருக்கில்ல. தட்டுல ஒண்ணு வெளுப்பு, ஒண்ணு கருப்பு, ஒண்ணு கோணல். தெருவே அடுக்கி வச்ச மாதிரி. சரி, புத்திசாலிப் பொண்ணு, தெருவையே வேலை வாங்கியிருக்கான்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரு டப்பாவுக்குக் கண்ணு ஜாடை காட்டிட்டாங்க. நானும் டப்பா கொண்டான்னு கூப்பிட்டேன். அந்த நேரம் பாத்து தலைவி ஒண்ணக் கடிச்சாங்க."

கைக்குட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை.

"பச்சை மாவு. அப்புறம் யாரு டப்பா கேப்பா? எல்லாருக்கும் வயிறு நிறைஞ்சுபோச்சு. அவங்க போனப்புறம் அந்தக் கடிச்ச துண்டத் திருப்பிப் பாத்தேன். அடியில ஒரு துளை. குச்சி விட்டுப் பாத்திருக்காங்க. பாத்தும் அனுப்பியிருக்காங்க."

நான் மேசையின் மரக்கோடுகளைப் பார்த்தேன்.

"அதே நிறத்துல இன்னும் அஞ்சு இருந்துச்சு. நல்லதோட டப்பாவுக்கு ஒண்ணா கலந்து, சுட்ட அஞ்சு வீட்டுக்கும் டப்பா அனுப்பினேன். நாலு வீட்டுக்காரங்க அன்னிக்கே சண்டைக்கு வந்துட்டாங்க, இது எங்க அடுப்புல சுட்டதில்ல, பச்சையா இருக்குன்னு. ஒரு வீடு மட்டும் வரல."

"மா…"

"இருங்க. மருமகளக் கேட்டேன். அது என் மெஷின்ல வந்ததுதான் அத்தை, நான்தான் சுட்டேன்கிறா. மூணு நாளா அதே பேச்சு. நல்லா சுடத் தெரியலேன்னா கத்துக் குடுத்துக்கலாம். ஆனா வேகலேன்னு தெரிஞ்சே ஜெபம் பண்ண வந்தவங்களுக்கு வச்சான்னா, அவ கையில கல்யாண மாவக் குடுக்க மாட்டேன். இன்னிக்கு சாயங்காலம் டினேயோவுக்கு ஃபோன் பண்ணணும். அதுக்கு முன்னாடி ஒரே கேள்வி. அது யாரு சுட்டது வாத்தியாரே?"

(ஒனாலென்னா ஏன் அப்படிச் சொன்னாள்? கதாபாத்திரம் இப்படிச் செய்தால் நான் நம்ப மாட்டேன். காரணம் போதாது என்று ஓரத்தில் எழுதுவேன். நான் கேள்வி கேட்காமல் ஒரு தட்டை வாங்கிக்கொண்டேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.)

"தேநீர் போடுறேன் மா," என்றேன்.

மா செலெக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போடுங்க. தண்ணி கொதிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன். அதுக்கு மேல முடியாது."

7

அடுக்களையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். தாள் கெட்டிலுக்குப் பக்கத்தில். தண்ணீர் இரைய ஆரம்பித்துவிட்டது.

முதலில் நினைத்தது: ஈ) என்று ஒரு முடிவு. அதில் நான் கம்பீரமாக ஒப்புக்கொள்கிறேன், மா செலெக்கா மெல்லச் சிரிக்கிறாள், எதிர்வீட்டில் மைதா மூட்டை பிரிபடுகிறது. இரண்டு வரி எழுதியும் விட்டேன். நன்றாக வந்தது. அங்கேதான் பிடிபட்டேன். அதை எழுதி முடித்தால் எனக்கு நிம்மதி வந்துவிடும். நிம்மதி வந்தால் தேநீரைக் கோப்பையில் ஊற்றி, சர்க்கரை எத்தனை கரண்டி என்று கேட்டு, அத்தோடு விட்டுவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கும் வரை நான் பேச வேண்டியதில்லை. ஏழு பகுதிகளாக நான் செய்துவந்த வேலை அதுதான். எனவே முடிவை நான் எழுதப்போவதில்லை. நான் என்ன சொன்னேன், அவள் யாருக்கு ஃபோன் செய்தாள், கல்யாணத்தில் யார் சுட்டதைத் தின்றார்கள் என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. என்னைப் பற்றி இவ்வளவு படித்துவிட்டீர்கள். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் தயவு பண்ணுங்கள்.

கெட்டில் டக்கென்று அணைந்துவிட்டது. கோப்பைகளை எடுக்கவில்லை. கூடத்துக்குப் போகிறேன்.

"மா, அந்த ஸ்கோன்