செக்ரட்டரியாரின் மூக்கும் பிரசங்க பீடத்தின் மெருகும்

மனித இதயத்தின் இருளை அளந்து சொல்லும் கருவி ஒன்றை ஆதாம் காலந்தொட்டு உலகம் தேடிக்கொண்டிருந்தது. ஞானிகள் கண்ணை மூடித் தேடினார்கள். அரசர்கள் சாட்டையைச் சொடுக்கித் தேடினார்கள். கடைசியில் அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், புதுக்கடைக்கு மேற்கே பனங்கால்விளைச் சபையில் அகப்பட்டது. செக்ரட்டரி ரசலையனின் முகத்தில், இரண்டு துவாரங்களோடு, சற்றே இடப்பக்கம் கோணி இருந்தது.

ரசலையன் மதுவிலக்குச் சங்கத்துக்கும் தலைவர். திருவிருந்து நடக்கும் ஞாயிறுகளில் ஆலய வாசலில் நின்று, உள்ளே போகிற ஆண்களை ஒவ்வொருவராக மோந்து பார்ப்பார். சாராய வாடை வந்தால் சபைப் புத்தகத்தில் பேரை வெட்டிவிடுவார். அப்புறம் திருவிருந்தில் பங்கில்லை.

அப்படி வெட்டுப்பட்டவன் தங்கையன். மரச்சாமான்களுக்கு மெருகு போடுவது அவன் தொழில். அவல்போல் தட்டையான அவலரக்கை, சாராயம்போல் வாடையடிக்கும் ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் தொட்டுத் தொட்டுப் பலகையில் தேய்க்க வேண்டும். அந்த வாடை கையில் ஏறி, சட்டையில் ஏறி, தலைமயிர்வரை குடியேறிவிட்டது. மற்றபடி, பதனீரில் சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்து கள்ளின் புளிப்பு தட்டினால்கூடத் துப்பிவிடுகிற ஆள் அவன்.

"நான் குடிக்கமாட்டேன்னு ஊருக்கே தெரியும்" என்றான் வாசலில் நின்று.

"ஊருக்குத் தெரியும். எனக்க மூக்குக்குத் தெரியாது" என்றார் ரசலையன்.

தங்கையனின் மனைவி நேசம்மாள் விடவில்லை. "இத்தன வருசமா இந்த மனுசனுக்க பக்கத்துல கிடக்கியவ நானாக்கும். எனக்குத் தெரியாத வாடை உமக்கு எங்கேந்து வேய் வந்துது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். பெண்கள் பக்கம் சிரித்தது. பேர் மட்டும் திரும்பி வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் சபைக்கு அயினி மரத்தில் புதிய பிரசங்க பீடம் வந்தது. தச்சன் தன் வேலையை முடித்துவிட்டுப் போனான். மெருகில்லாமல் அது இறகு பிடுங்கிய கோழிபோல நின்றது. ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலிருந்து வெள்ளைக்கார மிஷனரி துரை வந்து பிரதிஷ்டை செய்யவிருந்தார். அக்கம்பக்கத்தில் வேறு மெருகுக்காரன் கிடையாது. ரசலையன் தங்கையன் வீட்டுக்கு நடந்தார்.

"ஏலே தங்கையா, கர்த்தருக்க வேலையாக்கும். மாட்டேன்னு சொல்லப்பிடாது."

"குடியனுக்க கை பட்ட பீடத்துல துரை நிக்கலாமா வேய்? பாவம் ஒட்டிக்கிடாதா?"

"மெருகுல பாவம் ஒட்டாது."

"அப்ப எனக்க மேலயும் ஒட்டியிருக்காது. பேரத் திருப்பி எழுதும். பெறவு பீடத்தப் பாப்போம்."

கமிட்டி கூடிப் பேசியது. முதலில் வேலை முடியட்டும், பேரைப் பிறகு யோசிக்கலாம் என்று தீர்மானித்தது. வேலைக்காரன் ஸ்பிரிட்டைக் குடித்துவிடாமலிருக்கக் குப்பிக்கு ஒரு காவல் வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது.

இதைக் கேட்டுத் தங்கையன் சிரித்தான். "காவல் வச்சுக்கிடுங்க. ஆனா வேற ஒரு பயலும் வரப்பிடாது. அந்த மூக்குள்ள ஆளே வரட்டு. கதவு சன்னல் எல்லாம் அடைச்சுத்தான் வேல நடக்கும். தூசி பறந்தா பீடம் முழுக்கச் சொறியாட்டு இருக்கும். மழ ஈரம் ஏறுனா வெள்ள பூத்துப்போவும்."

தன் மூக்குக்கு இப்படியொரு மரியாதை கிடைக்கும் என்று ரசலையன் எதிர்பார்க்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பீடம் இருந்த அறைக்கு வந்து, ஸ்பிரிட் குப்பியை மடியில் வைத்து உட்கார்ந்தார்.

தங்கையன் சொரசொரப்பான பராய் இலையால் பீடத்தைத் தேய்த்தான். பிறகு இனயம் கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டால், பலகை உள்ளங்கைக்கு வழுக்கும்வரை தேய்த்தான். சாக்குக்கட்டிப் பொடியைக் காவியோடு குழைத்து மரத்தின் துளைகளை அடைத்தான். அதன்பின் அரக்குப் பொதியை எடுத்தான். பொதி பலகைமேல் ஒரு நொடி தங்கினாலும் தழும்பு விழும். அதனால் கை நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடியது. அடைத்த அறையில் வாடை கனத்தது.

மட்டம் குறைகிறதா என்று ரசலையன் அடிக்கடி மூடியைத் திறந்து மோந்தார். திறந்தபோதெல்லாம் கொஞ்சம் கோட்டில் சிந்தியது. மதியத்துக்குமேல் ஒரு கீர்த்தனையை வேறொன்றின் ராகத்தில் பாடினார்.

"நீ நல்லவனாக்கும் மக்கா" என்றார் திடீரென்று.

"அத எழுதித் தாரும்."

"எழுதப்பிடாது. ஆனா நீ நல்லவனாக்கும்."

சாயங்காலம் அங்கிருந்து நேராக மதுவிலக்குச் சங்கக் கூட்டத்துக்குப் போனார். தங்கையனும் பின்னாலேயே போனான். முன்வரிசையில் மாதர் சங்கத் தலைவி ராகேல் இருந்தாள். ரசலையன் "மதுவென்னும் சர்ப்பம்" என்று தொடங்கியதும் அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

"செக்ரட்டரியாரே, இது என்ன வாடை?"

"வேலைக்க வாடையாக்கும் அம்மா. ஒரு சொட்டு வாயில படல்ல."

"தங்கையனும் இதத்தான பறஞ்சான்?"

வாசலிலிருந்து தங்கையன் உள்ளே வந்தான். இடுப்பிலிருந்து சுரண்டும் தகட்டை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான்.

"ஒண்ணு இவருக்க பேரையும் வெட்டுங்க. இல்லேன்னா எனக்க பேர எழுதுங்க. ரெண்டும் முடியாதுன்னா இப்பமே போய் அந்த மெருக முச்சூடும் சுரண்டிப் போடுவேன். துரை நாளைக்கு வெறும் மரத்துல நின்னு பிரசங்கம் செய்யட்டு!"

"சுரண்டட்டும், சுரண்டட்டும்!" என்று பின்னாலிருந்து நேசம்மாளின் குரல் கேட்டது.

பதில் சொல்ல வாயெடுத்த ரசலையன், நாற்காலி தமக்குச் சற்று வலப்பக்கம் இருப்பதைக் கவனியாமல் உட்கார்ந்தார். தரையில் கிடந்தவரைச் சுற்றிக் கமிட்டி அங்கேயே கூடி, வாடை இனிமேல் சாட்சியாகாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. தங்கையனின் பேர் திரும்ப எழுதப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை துரையின் தாடி பீடத்தின் மெருகில் கண்ணாடிபோலத் தெரிந்தது. தங்கையன், வாடை மாறாத தலையை நிமிர்த்தியபடி முதல் ஆளாகப் போய்த் திருவிருந்துக்கு முழங்காலிட்டான். வாசலில் யாரும் யாரையும் மோந்து பார்க்கவில்லை.

அன்று அவனோடு முழங்காலிட்ட ஆண்களில் பாதிப் பேர் நிஜமாகவே குடித்திருந்தார்கள். வலப்பக்கம் இருந்த நேசம்மாளின் அண்ணன் யோவானை எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.