சிரட்டைக்குள் மூன்று குஞ்சுகள்

அம்பூரி மலைச்சரிவில் ரப்பர் வெட்டும் நேசமணிக்கு அன்றைக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, குமட்டல்.

காட்டை ஒட்டிய கடைசி வரிசையில், பால் வற்றி வெட்டை நிறுத்திய மரம் ஒன்றில் பால் பிடிக்கும் தேங்காய்ச் சிரட்டை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு நீல ஈப்பிடிப்பான் பாசியும் வேரும் வைத்துக் கூடு கட்டி, மூன்று குஞ்சு பொரித்திருந்தது. முதுகு நீலம், நெஞ்சு ஆரஞ்சு, ஒரு கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. ஈயும் புழுவுமாகப் பிடித்துக்கொண்டு தாயும் தகப்பனும் விடிந்ததிலிருந்து அலைந்தன. நேசமணி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அக்காள் மகன் ஜித்தின் நெய்யாற்றின்கரையில் கல்யாணப் போட்டோ எடுப்பவன், போதாததற்குப் பறவைப் படப் பைத்தியம். அவனிடம் பெருமையாகச் சொல்லி, கூட்டிவந்து காட்டியும்விட்டாள்.

அவனை அங்கே விட்டு மரம் வெட்டப் போனவள், பால் எடுக்கத் திரும்பி வந்தபோது கூட்டில் ஒன்றுமில்லை. மூன்று குஞ்சுகளும் வெயிலில் ஒரு கம்பின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“எலே, பறக்கத் தெரியாததுக எப்பிடிலே கம்புல நிக்குது?”

“சத்தம் போடாதீங்க சித்தி. தாய் இப்போ புழுவோட வரும். செம ஃப்ரேம் ஆக்கும்.”

கிட்டே போய்ப் பார்த்தாள். நூல் போன்ற கால்கள் கம்போடு வெள்ளையாக ஒட்டியிருந்தன. அவள் காலையில் வெட்டிய மரத்துப் பாலையே தொட்டு ஒட்டியிருக்கிறான். இருபது வருஷமாக அந்த வாடையில் சோறு தின்றவள் காறித் துப்பினாள்.

“த்தூ! நீ மனுசனாலே?”

“படம் எடுத்துட்டு உரிச்சு விட்டிரலாம். ரப்பர் பால்தானே சித்தி?”

எச்சில் தொட்டுத் தொட்டு அவளே உரித்தாள். இரண்டு குஞ்சுகள் வந்தன. மூன்றாவது வந்தபோது அதன் கால் கம்பிலேயே நின்றுவிட்டது. அவள் உள்ளங்கையில் அந்தக் குஞ்சு ஒருமுறை வாயைப் பிளந்து அடங்கிப்போனது. மற்ற இரண்டையும் கூட்டில் வைத்து, ஜித்தினைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். தாய் புழுவோடு வந்து அந்தக் கம்பையே சுற்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் குடும்ப வாட்ஸாப் குரூப்பில், அவள் வருமுன்பே ஜித்தின் எடுத்துவைத்திருந்த படம் வந்தது, கம்பின்மேல் மூன்று குஞ்சுகள். ‘கர்த்தரின் அற்புதப் படைப்பு. கூட்டைக் காட்டித் தந்த நேசமணி சித்திக்கு நன்றி.’ அடியில் முப்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

நேசமணி தன் குரலைப் பதிவு செய்து அனுப்பினாள்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. குஞ்சுகளுக்க காலை ரப்பர் பாலு வச்சு கம்புல ஒட்டி எடுத்த படம் ஆக்கும் இது. ஒண்ணு எனக்க கையில கெடந்து செத்துப்போச்சு. கூட்டைக் காட்டினது நான்தான். அதனால எனக்க பேரை அதுல இருந்து அழிக்க வேண்டாம். அது அங்க கெடக்கட்டும்.”